நாற்பத்தொரு பதின்மூன்று

ஜெல்மீரா என் பெயர். கொஷீட்சே நகரில் ஏழாம் மாடி.
லிஃப்ட் ஓடும் நாட்களில் மட்டும்
விருந்தாளிகள் வருவார்கள்.

கையில் ஒரு கேசட். ஒரு பக்கம்
யார் கல்யாணத்திலோ பதிந்த பேண்டு வாத்தியம்.
மறுபக்கம் கிறீச்சென்று கத்துவது என் நிரல்:
டிராம் பணிமனைக்காக எண்பத்தேழில் எழுதியது,
ஆறாம் எண் வண்டியின் கால அட்டவணை.

திருப்புளியால் டேப் ரிக்கார்டரின் தலையை
முடியளவு திருப்பி, இன்னும் ஒரு முடியளவு திருப்பி,
பதினோராம் முறைதான் கணினிக்குள் இறங்கியது.
ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பதினாறு பைட்.
இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றின்
மூலைக்குக்கூடக் காணாது.

இணையத்தில் வைத்தேன்.
எடுத்தவர் நிபால்தோ, சிலியின் தெற்கே புன்ட்டா அரேனாஸ்.
"திறந்தேன் அம்மணி, திரை முழுக்கப் பொடி எழுத்து."
அவருடைய உலாவி அதைக் கடிதம் என்று நினைத்து
உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறது.

திறக்காமல் சேமியுங்கள் என்றேன்.
சேமித்தார். ஓடவில்லை.
கோப்பின் பெயரில் கொக்கி வைத்த எழுத்தெல்லாம்
கேள்விக்குறியாகியிருந்தன. பெயரை மொட்டையடித்தேன்.
ஓடவில்லை.
மூன்றாம் நாள் அவர் கணினியின் காவலாளி
ஆபத்தான கோப்பு என்று பூட்டிவைத்தது.
டிராம் அட்டவணையா ஆபத்து?
(ஆறாம் எண்ணில் காலை ஷிப்டுக்குப் போனவர்கள்
ஆமாம் என்றிருப்பார்கள்.)

பிறகு கேட்டேன், முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை:
உங்களிடம் எத்தனை பைட்?
ஒன்பதாயிரத்து இருநூற்று ஐம்பத்தேழு.
நாற்பத்தொன்று கூடுதல்.
குறைந்தால் புரியும், வழியில் சிந்தியிருக்கும்.
கூடுவதற்கு அது என்ன, பிள்ளைத்தாய்ச்சியா?

இரண்டையும் அருகருகே போட்டு
விடிய விடிய விரல் வைத்துப் படித்தேன்.
பத்து என்ற எண் வரும் இடமெல்லாம்
அதற்கு முன்னால் ஒரு பதின்மூன்று
அழைக்காமல் வந்து உட்கார்ந்திருந்தது.
நாற்பத்தொரு பத்து. நாற்பத்தொரு பதின்மூன்று.
கோப்பை வாங்கிக்கொண்ட சர்வர்
இங்கே வரி முடிகிறது போலும் என்று
தட்டச்சுக்காரி மாதிரி, ஒவ்வொரு முறையும்,
வண்டியை இடதோரம் தள்ளி நிறுத்தியிருக்கிறது.
கெடுத்தவன் எவனும் இல்லை.
உதவியவர்கள்தான்.

ஆகவே கட்டினேன், முட்டை கட்டுவது போல:
ஜிப்புக்குள் போட்டு,
உள்ளதை உள்ளபடி ஏற்று என்று சர்வருக்குச் சொல்லி,
பைட் கணக்கையும் எட்டெழுத்துச் சரிபார்ப்பு எண்ணையும்
பக்கத்திலேயே எழுதிவைத்து.
நிபால்தோ போனில் அந்த எட்டையும்
ஸ்பானிய நாக்கால் ஒவ்வொன்றாக உருட்டினார்.
இங்கே நான் பென்சிலால் டிக் அடித்தேன்.
ஓடியது.

மறுநாள் எழுதுகிறார்:
"இன்னும் ஏதோ சேதம் இருக்கிறது, மன்னிக்கவும்.
உருக்காலையில் ஐந்து பதினெட்டுக்குப் புறப்படும் வண்டி
ரயில் நிலையத்துக்கு
ஐந்து பதினேழுக்கே வந்துவிடுகிறது."

எண்ணைப் பார்த்தேன். சரி.
கேசட்டை மறுபடி ஓட்டினேன். அதேதான்.
இருபத்திரண்டு வயதில், தூக்கக் கலக்கத்தில்,
கூட்டல் குறி இருக்க வேண்டிய இடத்தில்
நான் வைத்த கழித்தல் குறி.
அந்த வருடம் எங்கள் பணிமனைக்கு
நேரம் தவறாமைக்கான பாராட்டுப் பத்திரம் கிடைத்தது.
அதில் கையெழுத்திட்டவர் எவரும்
ஆறாம் எண்ணில் ஏறியதில்லை.

திருத்திவிடட்டுமா? போனில் நிபால்தோ.
இத்தனை நாள் யாரிடமிருந்து இதைக் காப்பாற்றினோம்
என்று திருப்பிக் கேட்டேன்.
சிரித்தாரா தெரியவில்லை, அங்கே காற்று அதிகம்.

இப்போது அவர் மேசையில், உலகத்தின் கீழ்க்கோடியில்,
பச்சை எழுத்தில் ஓடுகிறது ஆறாம் எண்.
புறப்பட இன்னும் ஒரு நிமிடம் இருக்கையில்
வந்து நிற்கிறது, காலியாக.